கப்பலுக்கு என்ன நட்சத்திரம்

1

என் மகள் வேலை செய்கிற கப்பலின் பெயரை இதில் எழுதமாட்டேன். எந்தக் கொம்பனியின் கப்பல், என்ன கொடி என்பதும் வராது. அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பட்ட பாடு போதும். அந்தப் பாட்டைத்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி, "வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எங்கட மலருக்கு ஏதாவது எழுதுங்கோ அக்கா" என்று கேட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தால் எனக்கு நெஞ்சு அடிக்கும். எழுதும்போது மட்டும் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பிழை இருந்தால் அவன் திருத்திக்கொள்வான்.

நான் இருப்பது எஸ்பியர்க், டென்மார்க்கின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகப் பட்டணம். சண்டைக்குப் பயந்து வந்தவர்களை எங்கே இருத்தினார்களோ அங்கேயே இருந்துவிட்டோம். நானும் கணவரும் மீன் பக்டரியில் வேலை செய்தோம். காதை மூடிக்கொண்டு, நீலக் கையுறை போட்டுக்கொண்டு மீன் வெட்டுகிற வேலை. அந்த இரைச்சலில் ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. கணவர் காலமாகிவிட்டார். மகன் ரூபன் கல்யாணம் செய்து ஹோர்சன்ஸில் இருக்கிறான், ஒரு பண்டகசாலையில் மேற்பார்வை வேலை. மகள் தர்சினி இங்கே பிறந்தவள், எனக்கு நாற்பது வயதில் கிடைத்தவள். அவள் கப்பல் இயந்திரம் படித்தாள். கோயிலில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால் "இஞ்சினியர்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். கப்பல் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

2

கப்பல் என்றால் எனக்கு முதலில் வருவது பயம். அது இந்த நாட்டில் வந்து பிடித்த பயம் இல்லை. ஊரில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. சண்டைக் காலத்தில், பொழுதுபட்ட பிறகு கடலில் ஒரு வெளிச்சம் அசைந்தால் அம்மா குப்பிவிளக்கை ஊதிவிடுவார். எல்லோரும் சிமெந்துத் தரையில் முகம் குப்புறப் படுத்துக் கிடப்போம். அது மீன்பிடி வள்ளமா வேறொன்றா என்று தலையை உயர்த்திப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வராது.

அதற்கும் முந்திய பயம் பள்ளிக்கூடத்தில் வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசை மாறாமல் சொல்லவேண்டும். மாறிச் சொன்னால் உள்ளங்கையில் பிரம்பு விழும். பறங்கிகள் கப்பலில் வந்து கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள் என்று ரீச்சர் சொன்னார். எங்கள் ஊரில் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்துதான் கோயிலுக்குப் போகவேண்டும். அன்றிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போது நான் சுவரோடு உரசாமல், கையை ஒடுக்கிக்கொண்டு நடப்பேன். எந்தக் கல் கோயில் கல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வரிசையில் டென்மார்க் இல்லை. இந்த நாட்டுக்கு வந்தபோது, எங்கள் ஊரோடு ஒரு சம்பந்தமும் இல்லாத ஆட்களிடம் வந்திருக்கிறோம் என்று எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. தர்சினி எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"மோர், எங்கட ஆக்கள் முந்தி உங்கட ஊருக்குக் கப்பலில போனவை, தெரியுமோ?"

மோர் என்றால் இங்கே அம்மா. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஆர் எங்கட ஆக்கள்?"

"டேனிஷ் ஆக்கள். கிங் அனுப்பினவர். மிளகு, கறுவா வாங்க. முதல் திருகோணமலைக்குத்தான் போனவை. அங்க சரிவரேல்லை. பிறகு இந்தியாவில தரங்கம்பாடியில கோட்டை கட்டினவை."

"அவை எங்கட ஆக்களெண்டா, நான் ஆர்ரை ஆள்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் என்ரை அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் பிரிட்ஜைத் திறந்தாள்.

போன ஆட்களில் கனபேர் வழியிலேயே காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தார்களாம். அவளுடைய புத்தகத்தில் இருந்தது. அவர்களின் தாய்மாரைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதமாட்டினம் மோர்" என்றாள். நானூறு வருடத்துக்கு முன்பு பாய்மரத்தைக் கண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் கடற்கரையிலிருந்து ஓடியவளை எனக்குத் தெரியும். அவள் நான்தான். மற்றவள், இந்தக் கரையில் நின்று கப்பலை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவள், அவளை நான் அறிய வேண்டி வரும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை.

3

தர்சினியின் கப்பல் பெட்டிக் கப்பல். ரயில் பெட்டி போல இரும்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் சீனத்துக்கும் இடையில் போய்வரும். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன்.

"எங்களுக்கே தெரியாது. சப்பாத்து, ரயர், விளையாட்டுச் சாமான், தோட்டத்துக் கதிரை. நீங்கள் கடையில வாங்கிற எல்லாம்."

"கறுவாவும் வருமோ?"

"வரும். ஆனா இப்ப அதுக்காக ஒருத்தரும் சண்டை பிடிக்கிறேல்லை."

சண்டை வேறு காரணத்துக்கு வந்தது. செங்கடல் முடிகிற இடத்தில் ஓர் ஒடுக்கமான வாசல் இருக்கிறது. அங்கே கரையிலிருந்து கப்பல்களுக்குக் குண்டு அடிக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெரிய கொம்பனிகள் தங்கள் கப்பல்களை ஆபிரிக்காவைச் சுற்றி அனுப்பத் தொடங்கின. முதன்முதலில் வெள்ளைக்காரன் எங்கள் பக்கம் வரக் கண்டுபிடித்த பாதை அதுதான், பாய்க்கப்பல் போன பாதை. இவ்வளவு இயந்திரம் படித்து என்ன, பயம் வந்தவுடன் பழைய வழிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

தர்சினி இந்த முறை புறப்படும்போது நான் அதைத்தான் நம்பியிருந்தேன். "சுத்தித்தானே போவியள்?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டேன். "ஸ்லப் எஃப், மோர்" என்றாள். சும்மா பதறாமல் இருங்கோ என்று அர்த்தம். இந்த நாட்டில் பிள்ளைகள் தாய்க்கு அதிகம் சொல்கிற சொல் அதுவாகத்தான் இருக்கும்.

போவதற்கு முன் என் ரெலிபோனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். அதில் உலகப் படம் வரும். கடலில் சின்னச் சின்ன அம்புகள் நிற்கும். ஒவ்வொரு அம்பும் ஒரு கப்பல். அவளுடைய கப்பலைத் தொட்டால் பச்சையாக மின்னும். காலையில் தேத்தண்ணி வைத்தவுடன் நான் முதலில் பார்ப்பது அந்த அம்பைத்தான்.

சூயஸ் கால்வாயிலிருந்து ஒரு நாள் ரெலிபோன் எடுத்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"மோர், சுத்திப் போகேல்லை. சனிக்கிழமை வாசலாலதான் போறம், பிறகு கொழும்பு. போர்க்கப்பல் ஒண்டு துணைக்கு வருமாம். அங்க கிட்டப் போனவுடன கப்பல்ரை சிக்னலை நிப்பாட்டிப்போடுவினம். அம்பு அசையாது. அதைப் பாத்துப் பயப்படாதேங்கோ."

"ஏன் பிள்ளை நிப்பாட்டுறது?"

"நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு அவங்களுக்குத் தெரியக்கூடாது. நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கப்பல் பேர், போற நாள், ஒண்டும்."

"நான் ஆருக்குப் பிள்ளை சொல்லப்போறன்?"

நான் கதைக்காதவள் என்று அவளுக்கும் தெரியும். சிரித்தாள்.

4

மனிதருக்குச் சொல்லக்கூடாது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அம்மனுக்குச் சொல்லக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் எடுத்து, மாறி இன்னொரு பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போனேன். வழி முழுக்க யன்னலைப் பார்த்துக்கொண்டு, ஐயரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஆடிக் கடைசி என்றபடியால் நல்ல சனம். அருச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ அம்மா."

"தர்சினி. உத்தரட்டாதி."

"இன்னும் ஆருக்கும்?"

"ஒரு கப்பலுக்கும், ஐயா."

"என்ன?"

"கப்பலுக்கு."

பின்னால் நின்ற பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஐயர் சிரிக்கவில்லை. அவர் இந்த நாட்டில் காருக்கும் கடைக்கும் பிஸா அடுப்புக்கும் பூசை செய்தவர்.

"கப்பலுக்கு என்ன நட்சத்திரம்?"

"அது தெரியாது ஐயா."

"சரி, பேரைச் சொல்லுங்கோ. எங்க போகுது?"

சொன்னேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "உரத்து அம்மா, உரத்து" என்றார். என் வாழ்க்கையில் நான் உரத்துச் சொன்ன சில வார்த்தைகளில் அந்தக் கப்பலின் பெயரும் ஒன்று. நாளைக்குச் செங்கடல் வாசலைத் தாண்டப்போகிறது என்பதையும், கொழும்புக்குப் போகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். ஐயர் கழுத்தில் தொங்கிய ஒலிவாங்கியில் அதை அழகாகத் திருப்பிச் சொன்னார். கப்பலின் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது. செங்கடல் மார்க்கமாகக் கொழும்பு நோக்கி நாளைய தினம் பிரயாணம் செய்யும் சகல மாலுமிகளுக்கும் என்று சேர்த்து மந்திரம் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மனுக்கு இனிக் குழப்பம் வராது, எந்தக் கப்பல் என்று தெரியும் என்று நினைத்தேன்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது ரூபன் எடுத்தான்.

"அம்மா, கோயிலில என்ன சொன்னனீங்கள்?"

"அருச்சனை செய்தனான் ராசா."

"லைவில போகுதம்மா! கோயில் பூசையை ஒவ்வொரு வெள்ளியும் பேஸ்புக்கில விடுறவை. கனடாவில மாமி பாத்திட்டா. லண்டனில பாக்கினம். ஒராள் கப்பல்ரை படத்தையே தேடி எடுத்துக் கீழ போட்டிருக்கிறார். 'எத்தினை மணிக்குக் கடக்கும்?' எண்டு கேக்கினம், ஏதோ தேர் வாற மாதிரி."

"அழிக்கச் சொல்லு" என்றேன்.

"சொல்லிப்போட்டன், அழிச்சிட்டினம். பாத்தவையை என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, "இவ்வளவு வருசமா ஒருத்தரோடயும் கதைக்காம இருந்திட்டு, வாய் திறந்து சொன்னது இதைத்தானோ அம்மா?" என்றான்.

அவன் சிரிக்கத்தான் சொன்னான். நான் பஸ்ஸில் ஏறாமல் அந்த வாங்கில் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டேன். அடுத்த பஸ்தான் எடுத்தேன்.

5

மறுநாள் அம்பு நின்றுவிட்டது.

நிற்கும் என்று அவள் சொன்னதுதான். தெரிந்திருந்தும் திரையை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். விரலால் தட்டிப் பார்த்தேன். கறிக்குத் தாளிக்கும்போதும் பார்த்தேன். அந்த வாசலுக்குப் பக்கத்தில், அவளுடைய கப்பலைப் போலவே வேறும் சில அம்புகள் நின்றன. எது சிக்னலை நிறுத்திவிட்டு நிற்கிறது, எது நின்றுபோனது என்று அம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

என் மூளை ஒரே இடத்தில் சுற்றியது. குண்டு அடிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கப்பலின் பெயர் தமிழில்லையே. படத்தையும் யாரோ போட்டார்களே. அவனுக்கு ஒரு தமிழ் ஆளைத் தெரிந்திருந்தால்? கனடா மாமி தன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி? நான் பெற்ற பிள்ளையை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று இருந்தது. ஊரில் விளக்கை ஊதி அணைத்த அம்மாவை நினைத்தேன். அவருடைய மகள் ஒலிவாங்கியில் விளக்கு ஏற்றியிருக்கிறாள்.

இன்னொரு பயம் அரசாங்கத்தைப் பற்றியது. இங்கே எல்லாக் கடிதமும் கணினிக்குள்தான் வரும், டிஜிட்டல் போஸ்ட் என்பார்கள். எனக்கு அதைத் திறக்கத் தெரியாது, ரூபன்தான் அங்கிருந்து திறந்து வாசிப்பான். கப்பல் இரகசியத்தை வெளியிட்டதற்குப் பொலிஸ் கூப்பிடும் என்று எனக்குள் ஓர் எண்ணம். அவன் "கொம்மூனில இருந்து ஒண்டு வந்திருக்கு" என்றபோது, அது நகரசபைதான் என்று தெரிந்தும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"குப்பை எடுக்கிற நாள் மாறுதாம் அம்மா. இனிச் செவ்வாய்க்கிழமை."

கீழ் வீட்டில் கியர்ஸ்டன் இருக்கிறாள். எண்பது வயது தாண்டிய டேனிஷ்காரி. அவளுடைய புருசன் வடகடலில் மீன் பிடித்தவர். நான் படியில் இருப்பதைக் கண்டு ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பாலில் அவித்த சோறு, மேலே வெண்ணெயும் சீனியும் கறுவாத் தூளும். இவர்கள் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்குச் சமைப்பது, அவள் மனம் சரியில்லாத நாளெல்லாம் சமைப்பாள். கறுவா மணத்தது. இந்தத் தூளுக்குத்தான் அவ்வளவு பேரும் கடலேறினார்கள் என்று நினைத்தபோது கரண்டி வாய்க்குப் போகவில்லை.

நடந்ததை என் உடைந்த டேனிஷில் சொன்னேன். நீரிணைக்கு இவர்களின் சொல் எனக்கு வராது. ஒடுங்கின கதவு என்றேன். அவளுக்கு விளங்கியது. ரெலிபோனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு வானொலி இருந்தது. காற்று எத்தனை வேகம் என்று சொல்லும். கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். என் புருசன் வந்து கதவைத் தட்டியவுடன் முதலில் நன்றாக ஏசுவேன். சாப்பாடு பிறகு."

"அந்தப் பயம் எப்போது போனது?"

"அவன் கட்டிலில் செத்தபோது" என்றாள் கியர்ஸ்டன்.

பிறகு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எஸ்பியர்க் கரையில் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலாக நாலு வெள்ளைச் சிலைகள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அவற்றின் காலடியில் நின்று படம் எடுப்பார்கள். நான் கிட்டப் போகவில்லை. சிலைகளுக்குப் பின்னால் நின்றேன். கப்பல் ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தது.

6

திங்கட்கிழமை முற்பகல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. கத்தியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு எடுத்தேன்.

"மோர், நான்தான்."

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"வெளியால வந்திட்டம். இப்ப பெரிய கடல்."

அதற்குப் பிறகு இயந்திரம் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, எனக்குப் பயமாக் கிடந்தது."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"கீழ இயந்திர அறையில ஆக்களைக் குறைச்சவை. ஆனா ஒராள் நிக்கவேணும். நான்தான் நிண்டனான். தூரத்தில ஒரு சத்தம் கேட்டது. எங்களுக்கில்லை. வேற ஏதோ. இரும்பெல்லாம் நடுங்கினது அம்மா. நான் கத்தினனான். ஒருத்தருக்கும் கேட்டிருக்காது."

"பிள்ளை, நான் கோயிலில வைச்சு..."

"தெரியும். அண்ணா சொன்னவன்." மூக்கை உறிஞ்சினாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாய் வந்தது. "எங்கட சமையல்காரர் பிலிப்பீன்ஸ். அவரின்ரை அம்மா சேர்ச்சில கப்பல் பேரைக் குடுத்துப் பூசை வைச்சவவாம். உக்ரேன்காரர் ஒராள், அவரின்ரை அம்மாவும் எங்கயோ மெழுகுதிரி கொளுத்தினவவாம். கப்டன் பேசுறார், 'என்ரை கப்பலில இரகசியம் காக்கத் தெரியாதது தாய்மார்தான்' எண்டு."

நான் சிரிக்கவேண்டும் என்றுதான் அதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது, மூச்சில் தெரிந்தது.

"திரும்பி வரேக்கயும் இதாலதானாம். விருப்பமில்லாத ஆக்கள் கொழும்பில இறங்கலாம். அது சட்டம், கொம்பனி மறிக்கேலாது. ஆனா பிறகு கூப்பிடுவினமோ தெரியாது. நான் என்ன செய்ய, அம்மா?"

என்ன படிப்பது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றதைக் கேட்டுச் சொல்லவில்லை. முதல்முறை கப்பல் ஏறியபோது பெட்டி கட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது கேட்கிறாள்.

"இறங்கு" என்றேன். "இறங்கி வா."

யோசிக்கவில்லை. உரத்துத்தான் சொன்னேன்.

7

வந்துவிட்டாள். கொழும்பில் இறங்கி நேரே விமான நிலையம். "திருகோணமலைக்கு ஒருக்காப் போய்ப் பாத்திருக்கலாமே" என்றதற்கு "நான் வீட்டை வரத்தான் இறங்கினனான்" என்றாள். மெலிந்துபோனாள். முதல் கிழமை மத்தியானம் வரை நித்திரை. கதவு தற்செயலாய் அடித்தால் துள்ளி எழும்புவாள்.

ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது கேட்டேன்.

"உனக்குப் பதிலா ஆர் ஏறினது?"

"மணிலாவில இருந்து ஒராள். அவசரமா பிளேனில கொண்டந்தவை. நாப்பது வயசு இருக்கும். பொறுப்புக் குடுக்கேக்க எனக்கு 'தாங்க் யூ' எண்டு சொன்னவர். அந்தக் கடலுக்கு இரட்டைச் சம்பளம்."

"அவருக்குத் தாய் இருக்கிறாவோ?"

"கேக்கேல்லை" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். எண்ணெய் கழுத்தால் வழிந்தது, துடைக்கவில்லை.

அவளை இறங்கு என்று சொன்னபோது அந்த இடம் வெறுமையாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவேண்டும். அப்படி ஒன்றும் நினைக்கவில்லை என்பதே உண்மை. பெட்டிகள் போகத்தான் போகும், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். இன்றைக்குத் திரும்பக் கேட்டாலும் இறங்கு என்றுதான் சொல்வேன். அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாய் இருக்கலாம் என்று யாராவது சொன்னால், அதுதான் எனக்கு வரவில்லை.

கப்பல் கிழக்கே போய்ச் சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. காலையில் தேத்தண்ணி வைத்தவுடன் நான் இன்னும் அதைத்தான் பார்க்கிறேன். நேற்று வரை பெரிய கடலில் பச்சையாக ஊர்ந்துகொண்டு வந்தது. இன்று காலை வாசலுக்குக் கிட்ட நின்றுவிட்டது.

தர்சினி பாண் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தாள். "என்ன பாக்கிறீங்கள்?" என்றாள். கிட்ட வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தாள். கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். பாண் கருகி மணத்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.